எண்ணும் எட்டும்

பதினெண்கீழ்க்கணக்கு என்னும் பெயரைச் சற்றே பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: பதின், எண், கீழ், கணக்கு. நடுவில் நிற்கிற 'எண்' இங்கே எட்டு. அதே 'எண்' திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் எழுத்தோடு இணைந்து மனிதருக்குக் கண்ணாகச் சொல்லப்படும்போது எட்டு அன்று. கணக்கறிவு முழுவதும் அது. உயிர்க்குறில் ஒன்று, மெய் ஒன்று, ஆக ஒன்றரை மாத்திரையே ஒலிக்கும் இச்சிற்றசைக்குள் ஒரு குறிப்பிட்ட தொகையும், தொகைகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயரும் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன என்ற கேள்வி, சொல்லின்மீது காதல்கொண்ட எவரையும் ஒருநாள் தடுத்து நிறுத்தாமல் விடாது. ஐந்துக்கும் ஏழுக்கும் இல்லாத இந்தப் பேறு எட்டுக்கு மட்டும் வந்தது எப்படி?

முதலில் எட்டாகிய எண்ணின் குடும்பத்தைப் பார்ப்போம். எண்பது, எண்ணூறு என்பவை நாள்தோறும் வாயில் புரள்பவை. எண்மர், எண்கோணம், எண்திசை, எண்பேராயம் ஆகியவை ஏட்டு வழக்கு. எண்சாண் உடம்பு என்று சொல்லாத பாட்டி இல்லை. பேச்சில் இன்று எட்டாயிரம் என்கிறோம். பழந்தமிழ் எண்ணாயிரம் என்றது. அந்தப் பழைய வடிவம் விழுப்புரம் மாவட்டத்து ஊர்ப்பெயர் ஒன்றில் அப்படியே உறைந்து கிடக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்லூரியைப் பற்றிய கல்வெட்டால் வரலாற்றாசிரியர்கள் அறிந்த எண்ணாயிரம் அதுதான். பேச்சு மாறினாலும் ஊர்ப்பெயர் மாறுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

எண்ணுதலாகிய எண்ணின் குடும்பம் இதைவிடப் பெரியது. எண்ணு என்னும் வினை கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே சுமக்கிறது. எண்ணிக்கை ஒருபுறம், எண்ணம் மறுபுறம். ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதே சிந்தனை என்று நம் முன்னோர் கருதினார்கள் போலும். திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் போட்ட வாய்பாட்டு நூலுக்கு எண்சுவடி என்று பெயர். இலக்கணத்தில் எண்ணும்மை உண்டு. அங்கே எண் என்பது அடுக்கி வைத்தல்.

இவ்விரு குடும்பத்திலும் சேராத எண்களும் உள. எண்மை என்றால் எளிமை. குறளில் வரும் எண்பொருள் எளிய பொருள், எண்பதம் எளிதில் காணத்தக்க தன்மை. அது எள்ளத்தக்கது, இலேசானது என்ற வழியில் வந்த வேறொரு சொல். எண்ணெயோ இவை எதனோடும் உறவில்லாதது: எள்ளின் நெய் புணர்ச்சியில் ளகரமும் நகரமும் கலந்து ணகரமாகி எண்ணெய் ஆனது. அந்த எள்ளை மறந்து தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோம். ளகரமும் நகரமும் கலந்தால் ணகரம் பிறக்கும் என்ற இந்தச் சிறு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய பூட்டைத் திறக்க உதவும்.

எட்டு என்ற முழுவடிவுக்கும் எண் என்ற அடைவடிவுக்கும் உள்ள உறவைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் சொல்லிவிட்டார். எட்டை முதலாக வைத்து, பத்து வந்து புணரும்போது அதன் டகர ஒற்று ணகர ஒற்றாகும் என்பது அவர் முறை. விதிப்படி அதில் குறையில்லை. வரலாற்று வழியில் செல்வோர் இதே பாதையில் எதிர்த்திசையாக நடப்பார்கள்: எண் என்பதே அடி; து என்னும் ஈறு சேர்ந்து எண்டு ஆகி, அது வலித்து எட்டு ஆயிற்று என்பர். மெலிந்தும் வலித்தும் ஒலிக்கும் இந்த இரட்டைப் போக்கு எண்ணுப்பெயர்களுக்குப் புதிதன்று. ஒன்று மெலிந்து நிற்க, ஒற்றை வலித்து நிற்கிறது. இரண்டு மெலிந்து நிற்க, இரட்டை வலித்து நிற்கிறது. கன்னடர் இன்றும் எட்டை 'எண்டு' என்றே சொல்கிறார்கள். துளுவில் 'எண்ம', தெலுங்கில் 'எனிமிதி', மலையாளத்தில் நம்மைப்போல் 'எட்டு'. நம் வாயில் வலித்தது அவர்கள் வாயில் மெலிந்தே இருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிறோமே, அந்த எட்டு வேறு. அது நீளுதல், தொடுதல் என்ற பொருளில் வரும் தனிவினை.

உடன்பிறந்த மொழிகளில் எண்ணுதலைக் குறிக்கும் வினையையும் அருகில் வைத்துப் பாருங்கள். கன்னடத்தில் எணிசு, மலையாளத்தில் எண்ணுக, தெலுங்கில் என்னு. தெலுங்கர் தேர்தலை 'என்னிகலு' என்பது இதன் வழியே வந்தது. வாக்கை எண்ணுவதும் ஆளைக் கருதித் தேர்வதும் ஒரே வினையில் அடங்கிவிட்டன! தமிழில் ணகரமாக இருப்பது தெலுங்கில் இரண்டு சொல்லிலுமே னகரமாகிவிட்டது. எங்கே போனாலும் எட்டும் எண்ணுதலும் ஒன்றையொன்று நிழல்போல் தொடர்கின்றன. ஆயினும் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. ஒலி ஒத்தால் போதாது, பொருள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த வழி தெரியவேண்டும் என்பது அகராதிக்காரர் நெறி. நல்ல நெறிதான். ஆனால் அந்த வழி எதுவாக இருக்கக்கூடும் என்று தேடிப் பார்க்கும் உரிமையை அகராதி நம்மிடமிருந்து பறிக்கவில்லை.

தேடியவர்கள் பலர். அவர்கள் முன்வைத்த விடை கேட்பதற்கு மிக அழகானது: ஆதித் திராவிடர் எட்டெட்டாக எண்ணினார்கள், எட்டோடு ஒரு சுற்று நிறைந்தது, நிறைந்த சுற்றுக்கே எண் என்று பெயர் வந்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் வால்ட்டர் பேர்சர்விசு, சிந்துவெளி எழுத்தைப் பற்றி 1983-இல் எழுதியபோது, அம்மக்களின் மொழி திராவிடம் என்றும் எண்முறை எட்டை அடிமானமாகக் கொண்டது என்றும் வாதிட்டார். எட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். பெருவிரல் எண்ணுகிற விரல், எண்ணப்படுகிற விரல் அன்று. அதை விலக்கினால் கைக்கு நான்கு, இரு கைக்கு எட்டு. கலிபோர்னியாவின் யூக்கி என்னும் பழங்குடியார் விரல்களை விட்டுவிட்டு விரல்களுக்கு இடையிலுள்ள சந்துகளை எண்ணி எட்டடிமானத்தில் கணக்கிட்டார்கள் என்பது மானிடவியலார் நன்கறிந்த செய்தி. ஆகவே இது நடக்கமுடியாத கற்பனை அன்று.

இதே ஆசை வடமொழிப் பக்கமும் எழுந்திருக்கிறது. நவ என்றால் ஒன்பது. நவ என்றால் புதியது. இலத்தீனிலும் ஒன்பதும் புதுமையும் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. வடமொழி எட்டாகிய அஷ்டௌ இருமை விகுதி பெற்றிருப்பதால் 'இரு நான்கு' என்பதே அதன் மூலம், எட்டில் ஒரு சுற்று முடிந்து ஒன்பதில் புதுச்சுற்று தொடங்குகிறது என்று ஐரோப்பிய மொழியறிஞர் சிலர் எழுதினார்கள். இரு பெருமொழிக் குடும்பங்களிலும் எட்டின்மீதே கண் விழுவது வியப்புத்தான்.

இனி நம் மொழியின் உள்ளே இருந்தே இதைச் சோதிப்போம். ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறுகிய அடைவடிவு உண்டு: ஒரு, இரு, மு, நால், ஐ, அறு, எழு, எண். ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர் என்று ஆள்களை எண்ணிக்கொண்டே போகும் நாக்கு, அடுத்த அடியில் இடறுகிறது. ஒன்பதுக்கு அப்படிக் குறுவடிவு இல்லை. ஒன்பதின்மர் என்று இழுக்கவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு ஒன்பது என்ற பெயருக்குள்ளேயே பது நிற்கிறது. பத்துக்கு ஒன்று குறைந்தது என்று பொருள் விரிக்கிறார்கள். தனக்கென்று பெயரில்லாமல் பக்கத்து வீட்டைச் சொல்லி அடையாளம் காட்டுகிற எண் இது என்றால், எட்டோடு இயற்பெயர்கள் முடிந்தன, எட்டே எல்லை என்ற வாதம் வலுப்பெறத்தானே செய்யும்?

இந்த இடத்தில்தான் தொண்டு குறுக்கே வருகிறது. திருத்தொண்டு, பொதுத்தொண்டு என்னும் தொண்டு அன்று. ஒன்பது என்னும் பொருளுள்ள பழைய தொண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் தொடைவகைகளின் தொகையைக் கூறுமிடத்தில் அதை ஆள்கிறது. பரிபாடலில் திருமாலைப் போற்றும் மூன்றாம் பாடல், வெறுமையைக் குறிக்கும் பாழ் தொடங்கி எண்களை வரிசையாக அடுக்கும்போது எட்டுக்குப் பிறகு தொண்டு என்றே சொல்கிறது. ஆகவே ஒன்பதுக்கும் ஒருகாலத்தில் தனிப்பெயர் இருந்தது. அதன் உருவத்தைப் பாருங்கள்: எண் என்ற அடியில் எண்டு, தொண் என்ற அடியில் தொண்டு. ஒரே அச்சில் வார்த்தவை.

தேவநேயப் பாவாணர் இந்த அச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். எண்பது என்பது போலத் தொண்பது என்று தொண்ணூறுக்கும், எண்ணூறு என்பது போலத் தொண்ணூறு என்று தொள்ளாயிரத்துக்கும், எண்ணாயிரம் என்பது போலத் தொள்ளாயிரம் என்று ஒன்பதாயிரத்துக்கும் பெயர் இருந்திருக்கவேண்டும். தொண்டு வழக்கிறந்தபின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி கீழிறங்கின என்பது அவர் முடிவு. எண்ணூறு என்றால் 800, தொண்ணூறு என்றால் 90 என்னும் முரணைப் பள்ளிப்பிள்ளைகூடக் கேட்டுவிடும். ஆனால் அதற்குக் காரணம் தேடிப் போனவர் பாவாணர்தான். எதிர்வழக்காடுவோர், தொள் என்றால் துளை, குறை. குறைபட்ட நூறு தொண்ணூறு, குறைபட்ட ஆயிரம் தொள்ளாயிரம், பெயர் எதுவும் இடம்பெயரவில்லை என்பர். எள்ளும் நெய்யும் எண்ணெய் ஆனதுபோலத் தொள்ளும் நூறும் தொண்ணூறு ஆகும். முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விதி இதற்காகத்தான். இரு தரப்புக்கும் புணர்ச்சி இடங்கொடுக்கிறது. தொல்காப்பியர் காலத்திலேயே தொண்ணூறு 90-ஆகத்தான் இருந்தது. ஒன்பதையும் பத்தையும் புணர்த்தி அதைப் பெறுவதற்கு அவர் தகர ஒற்றை முன்னே கூட்டுகிறார், பத்தை நூறாக்குகிறார், படாத பாடு படுகிறார்.

என் மனம் பாவாணர் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் கன்னடம். கன்னடத்தில் எண்பது 'எம்பத்து', தொண்ணூறு 'தொம்பத்து'. தெலுங்கில் முறையே எனபை, தொம்பை. பாவாணர் இருந்திருக்கவேண்டும் என்று கருதிய தொண்பது, சிறிதும் குலையாமல் அண்டை வீட்டில் 90 என்ற பொருளிலேயே வாழ்ந்துகொண்டிருக்கிறது! தெலுங்கில் ஒன்பதே 'தொம்மிதி', தகரம் போகவில்லை. தொள்ளாயிரம் ஒருகாலத்தில் 9,000-ஆக இருந்ததா என்பதில் ஐயம் கொள்ளலாம். தொண் என்ற அடி திராவிடத்தின் பழைய ஒன்பது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அது உறுதியானால் எட்டடிமான வாதத்தின் முக்கியத் தூண் சரிகிறது. ஒன்பதுக்கு இயற்பெயர் இருந்தது. பத்துக்கும் நூறுக்கும் தூய திராவிடப் பெயர்கள் இருந்தன. பதினாறை நாம் 'இரண்டெட்டு' என்று பெயரிட்டு அழைக்கவில்லை. பத்தோடு ஆறு என்றே அழைத்தோம். எட்டெட்டாக எண்ணிய மக்களுக்கு அறுபத்துநான்குக்குத் தனிப்பெயர் இருந்திருக்கவேண்டும். நமக்கு நூறுக்கு இருப்பதுபோல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை அறுபத்துநான்கு கலை வல்லாரைக் குறிக்க 'எண்ணெண்' என்ற அடையை ஆள்கிறதே என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஈரைந்து, முந்நான்கு, எண்ணான்கு என்று பெருக்கிச் சொல்வது செய்யுளின் வழக்கம். ஓசைக்காகப் பெருக்கியதை எண்முறைக்குச் சான்றாக்கக் கூடாது. நாவால் எண்ணும்போது தமிழன் எக்காலத்தும் பத்தின் ஆள்தான்.

நாவை விட்டுக் கைக்கு வாருங்கள், கதை மாறுகிறது. திண்ணைப்பள்ளியில் பொன்னிலக்கம் என்று ஒரு சுவடி, நெல்லிலக்கம் என்று இன்னொரு சுவடி. பொன்னை எண்ணக் கற்ற பிள்ளை நெல்லை அளக்கத் தனியே கற்றான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. நாழியைப் படி என்பதும் குறுணியை மரக்கால் என்பதும் நமக்குப் பழகியவை. ஆழாக்கு எட்டானால் நாழி. நாழி எட்டானால் குறுணி. அதற்குமேல் மூன்று தூணி ஒரு கலம் என்று மூன்று வந்து புகுந்துகொள்கிறது. ஆழாக்குக்குக் கீழேயோ ஐந்து செவிடு. இரு கோடிக்கும் இடைப்பட்ட வெளி முழுவதும் எட்டின் ஆட்சி.

பத்தடிமானத்தில் ஓர் இலக்கம் இடப்பக்கம் நகர்ந்தால் பத்து மடங்காகும். எட்டடிமானத்தில் எட்டு மடங்காகும். அங்கே பூச்சியம் முதல் ஏழு வரை எட்டு இலக்கங்களே உண்டு. எட்டை 10 என்றும், அறுபத்துநான்கை 100 என்றும் எழுதவேண்டும். நெல்லளந்த கைக்கு இது பழக்கம். மூன்று குறுணி ஐந்து நாழி மூன்று உழக்கு என்று களத்தில் சொன்னால், அது எட்டடிமானத்தில் 35, அதன்பின் புள்ளியிட்டு 6; மூன்று உழக்கு ஆறு ஆழாக்கு அல்லவா? நம் வழக்கமான எழுத்தில் அதுவே 29 நாழியும் முக்காலும். இதை இரட்டித்துப் பாருங்கள். ஆறு உழக்கில் நான்கு போய் ஒரு நாழி மேலேற, மிச்சம் ஓர் உரி. ஐந்தும் ஐந்தும் ஏறிவந்த ஒன்றும் பதினொரு நாழி, அதில் எட்டு போய் ஒரு குறுணி மேலேற, மிச்சம் மூன்று. மூன்றும் மூன்றும் ஒன்றும் ஏழு குறுணி. ஏழு குறுணி மூன்று நாழி ஓர் உரி. எண் என்றால் எட்டு என்பது அறியாமலே கை எட்டடிமானத்தில் கூட்டி முடித்துவிடுகிறது.

எட்டடிமானத்துக்கே உரிய நயங்கள் சில இந்த அளவைக்குள் மறைந்திருக்கின்றன. பத்தடிமானத்தில் ஒன்பதால் மீதியின்றி வகுபடுமா என்று அறிய இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போம். எட்டடிமானத்தில் அந்தப் பெருமை ஏழுக்கு உரியது. ஐந்து குறுணி இரண்டு நாழியை ஏழு பேருக்குப் பங்கிடலாமா? ஐந்தும் இரண்டும் ஏழு, ஆகவே பங்கிடலாம். ஆளுக்கு ஆறு நாழி. காரணம் நுட்பமானதன்று: குறுணி ஒன்றை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கொரு நாழி போக மிச்சம் ஒரு நாழி, ஆகவே குறுணி எத்தனையோ அத்தனை நாழி மிஞ்சும். அடிமானத்துக்கு ஒன்று மேலான ஒன்பதுக்கும் ஒரு வழி உண்டு. அங்கே கூட்டாமல் கழிக்கவேண்டும். மூன்று குறுணி மூன்று நாழியில் வேறுபாடு இல்லை. ஆகவே அந்த 27 நாழி ஒன்பதால் சரியாக வகுபடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றைப்படை எண்களின் வர்க்கம். மூன்றின் வர்க்கம் ஒன்பது, எட்டடிமானத்தில் 11. ஐந்தின் வர்க்கம் 25, அங்கே 31. ஏழின் வர்க்கம் 49, அங்கே 61. ஒன்பதின் வர்க்கம் 81, அங்கே 121. பதினொன்றின் வர்க்கம் அங்கே 171. எந்த ஒற்றைப்படை எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் ஒன்றிலேயே முடியும். பத்தடிமானத்தில் 9, 25, 49 என்று சிதறிக் கிடப்பவை இங்கே ஒரே ஈற்றோடு வரிசை கட்டுகின்றன. ஈற்று ஒன்றை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள்: 1, 3, 6, அப்புறம் 12, அதாவது பத்து, அப்புறம் 17, அதாவது பதினைந்து. ஒன்று, மூன்று, ஆறு, பத்து, பதினைந்து என்பவை முக்கோண எண்கள். வாசலில் ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி வைத்து நடுப்புள்ளியைத் தனியே விட்டால், சுற்றியுள்ள நாற்பத்தெட்டும் எட்டு முக்கோணங்களாக, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளியாகப் பிரிந்து நிற்பதைக் கோலம் போடுகிறவர்கள் கண்ணாலேயே காணலாம்.

நெல்லை விட நுண்ணிய இடத்திலும் எட்டு விடவில்லை. பழைய நீட்டலளவை வாய்பாடு எட்டு அணு ஒரு தேர்த்துகள் என்று தொடங்கிப் பஞ்சிழை, மயிர்முனை, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என்று எட்டெட்டாகவே ஏறுகிறது. அணுவிலிருந்து விரலுக்கு எட்டுப் படி; ஒவ்வொரு படியும் எட்டு மடங்கு. ஆகவே ஒரு விரலுக்கு 1,67,77,216 அணு. நம் வழக்கமான எழுத்தில் நினைவில் நில்லாத இந்தத் தொகை, எட்டடிமானத்தில் ஒன்றும் எட்டுப் பூச்சியமும். எட்டை எட்டு முறை பெருக்கிய இந்த ஏணியின் நடுவே, எண்ணோடு உறவில்லை என்று மேலே தள்ளிவைத்த எள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். இப்படியோர் அளவை வடமொழி நூல்களிலும் உண்டு. யார் யாரிடம் பெற்றார் என்ற வழக்கில் நான் இறங்கவில்லை.

விரலுக்கு மேலே பன்னிரண்டு விரல் சாண், இரண்டு சாண் முழம், நான்கு முழம் கோல். கோல் என்பது எட்டுச் சாண். எண்சாண் உடம்பும் அதுவே. ஆளின் உயரமே அளவுகோலாயிற்று. சிந்துவெளியில் கிடைத்த கனசதுர எடைக்கற்களும் கீழ்ப்படிகளில் 1, 2, 4, 8, 16, 32, 64 என்றே ஏறுகின்றன. மேலே போகப் போகப் பத்தின் மடங்குகள் வருகின்றன. அவர்கள் பேசிய மொழி எது என்பது இன்னும் தீராத வழக்கு; ஆகையால் அந்தக் கற்களைக்கொண்டு எண் என்ற சொல்லுக்கு வரலாறு எழுதுவது பொருந்தாது. ஆனால் எங்கே அளந்தாலும் மனிதக் கை பாதி பாதியாகவே பகுக்கும் என்பதற்கு அவை சான்று. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று மூன்று முறை பகுத்தால் எட்டில் ஒன்று. நாம் அரை, கால், அரைக்கால் என்போம். எண்ணுவதற்கு விரல் வேண்டும், அதனால் பத்து. பகுப்பதற்குக் கண்மட்டம் போதும், அதனால் எட்டு. எட்டுக்கும் எண்ணுதலுக்கும் பெயர் ஒன்றானதற்கு வழி ஏதேனும் இருக்குமானால், அது அளவை வழியாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு. அளந்து எண்ணும் தொழிலில் எட்டு நிறைவுத்தொகை. நிறைந்ததைச் சொல்லும் சொல் எண்ணுதலுக்கே பெயராவது மொழிக்கு இயல்பு. இதை மெய்ப்பிக்கக் கல்வெட்டு இல்லை, மறுக்கவும் இல்லை.

எழுத்துவடிவிலும் எட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு வாய்த்திருக்கிறது. தமிழ் எண்குறிகளில் எட்டு ௮. அகரமும் அதே உரு. இரண்டு ௨, உகரத்தை ஒத்தது. ஆகவே 'எட்டும் இரண்டும் அறியாதவன்' என்றால் கணக்குத் தெரியாதவன் என்று பொருள்; அகரமும் உகரமும் அறியாதவன், ஓங்காரத்தின் உட்பொருள் உணராதவன் என்றும் பொருள். திருமூலர் முதலாகச் சித்தர் மரபு முழுதும் இந்தச் சிலேடையை விட்டதில்லை. எட்டும் இரண்டும் சேர்ந்த பத்தின் குறி ௰ யகரத்தை ஒத்திருப்பதால், ஐந்தெழுத்தில் உயிரைக் குறிக்கும் யகரத்துக்கும் பாலம் போட்டுவிட்டார்கள்.

சென்ற நூற்றாண்டில் எண் என்னும் சொல்லுக்குப் புதுவாழ்வு வந்தது. பழைய அஞ்சலட்டை முகவரிகளில் 'நெ. 12' என்று இருக்கும். நெம்பரின் தலையெழுத்து அது. இப்போது வீட்டு எண், வண்டி எண், கைபேசி எண் என்று எங்கும் எண். ஈழத்தில் இலக்கம் என்பார்கள்; தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம். இலக்கம் வடமொழிவழி வந்து தமிழாகிவிட்ட சொல். எண்ணோ பிறந்த வீட்டிலேயே இருந்து பெருவாழ்வு வாழ்வது.

கணினி வந்தபின் பழைய குழப்பம் புது வேடத்தில் திரும்பியிருக்கிறது. கணினிப் பாடநூல்கள் பத்தடிமானத்தைப் பதின்மம் என்றும் எட்டடிமானத்தை எண்மம் என்றும் சொல்லிக் கொடுக்கின்றன. யுனிக்சு இயங்குதளத்தில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று 755, 644 என மூன்று இலக்கங்களில் ஆணையிடுகிறார்களே, அவை எண்ம இலக்கங்கள். எட்டும் ஒன்பதும் அங்கே வரவே வரா. அதே வேளையில் நாளேடுகளும் அரசு அறிக்கைகளும் டிஜிட்டல் என்பதற்கு எண்மம் என்று எழுதத் தொடங்கிவிட்டன: எண்மப் பரிமாற்றம், எண்ம ஆவணம். ஒரு மாணவன் காலையில் எட்டு என்று படித்த சொல்லை மாலையில் வேறொன்றாகப் படிக்கிறான். எட்டா, எண்ணா என்ற பழைய ஐயத்தை, இம்முறை தெரிந்தே நாம் உண்டாக்கிக்கொள்கிறோம்.

ஆக்கச்சொல் படைப்போருக்கும் அதை ஆள்வோருக்கும் ஒரு வேண்டுகோள். இருமம், பதின்மம் என்பவற்றில் மகர ஈறு ஓர் அடிமானத்தின் பெயருக்குப் பின் வந்து எண்முறையைக் குறிக்கிறது. எண்மரும் பதின்மரும் ஒரே வாய்பாட்டில் அமைந்ததுபோல எண்மமும் பதின்மமும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அந்த வரிசையில் எண்மம் என்றால் எட்டே. டிஜிட்டலுக்கு ஈழத்தார் பலர் ஆளும் எண்ணிமம் இருக்கிறது. எண்ணு என்னும் வினை அதில் தெளிவாகக் கேட்கிறது. எட்டுக்கு எண்மத்தை விட்டுவிட்டு, எண்ணுதலுக்கு எண்ணிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.